பல் நாற்காலிப் பயமும் செடேஷன் வழிகளும்

பல்வலி தொடங்கிய வாரத்திலேயே பல் டாக்டரிடம் போகிறவர்கள் நம்மில் குறைவு. முதலில் கிராம்புத் தைலம், பிறகு உப்புத் தண்ணீர், பிறகு பார்மசியில் வாங்கிய பானடோல். முகம் வீங்கி, தூக்கம் கெட்ட பிறகுதான் கிளினிக் வாசலை மிதிக்கிறோம். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால் லீவு கிடைக்கவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, கையில் பணமில்லை என்று பதில் வரும். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் பல பேருக்கு அவற்றின் அடியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம். பயம்.

பினாங்கின் தண்ணீர்மலை, ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் வட்டாரத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் இந்தப் பயத்தை எப்படிக் கையாளலாம் என்பதே இந்த அத்தியாயம். செடேஷன், அதாவது பயத்தைத் தணிக்கும் மருந்து, என்று டாக்டர் சொன்னால் அதில் எத்தனை வகை, யாருக்கு எது பொருந்தும், எதைக் கேட்க வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்று வரிசையாகப் பார்ப்போம். முதலில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பயத்துக்கும் சிகிச்சை உண்டு. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் டாக்டரிடம் சொல்கிறோம் அல்லவா, அதே பட்டியலில் பயத்தையும் சேருங்கள். சொன்னால்தான் அதற்கேற்ற வழி கிடைக்கும்.

"அலகு குத்தின ஆளு, ஊசிக்கா பயப்படுறே?"

தைப்பூசத்தன்று கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக்கொண்டு, தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறும் பக்தர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஏறியவர்களிலேயே பல் டாக்டரின் ஊசியைக் கண்டால் கை நடுங்குகிறவர்கள் உண்டு. வீட்டில் கேலி கிளம்பும். அவரும் வெட்கப்பட்டு, அடுத்த அப்பாய்ண்ட்மெண்டைத் தள்ளிப்போடுவார்.

அந்தக் கேலிக்கு நேரான பதில் உண்டு. அலகு குத்தும் நாள் அவரே நேர்ந்துகொண்ட நாள். விரதம் இருந்து உடம்பையும் மனத்தையும் பக்குவப்படுத்தியிருக்கிறார். அவர் நம்பும் பெரியவர் பக்கத்தில் நிற்கிறார். சுற்றிலும் சொந்தபந்தம். அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். பல் நாற்காலியில் இதில் ஒன்றும் இல்லை. மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து, பேச முடியாமல், தலைக்குப் பின்னால் என்ன கருவி எடுக்கிறார்கள் என்று தெரியாமல், அன்றுதான் பார்த்த ஒருவரிடம் தன்னை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. வலி தாங்குகிற மனத்தாலும் இந்தக் கையறுநிலையைத் தாங்க முடியாமல் போகலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆகவே, அந்தப் பக்தருக்குத் துணை நின்றவற்றை நாற்காலியில் இருப்பவருக்கும் கொடுக்க வேண்டும்: முன்தயாரிப்பு, நம்பிக்கை, அடுத்து என்ன என்ற தெளிவு, "நிறுத்து" என்று சொல்லும் உரிமை. இவை போதாதபோது மருந்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மேலே மருந்து ஏறி, கீழே நம்பிக்கை இல்லாவிட்டால், அடுத்த முறையும் பயம் அப்படியேதான் இருக்கும்.

பல பேருக்கு இந்தப் பயம் பள்ளிக்கூட நாளிலிருந்தே வருகிறது. 1940-களின் இறுதியில், நியூசிலாந்தைப் பின்பற்றி, பல் நர்சுகளுக்கான பயிற்சிப் பள்ளி பினாங்கில் தொடங்கியது. அங்கே பயின்ற மிஸ்ஸிகள் நாடெங்கும் போய், தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காத்தார்கள். அது பெரிய சேவை. இருந்தாலும், வகுப்பிலிருந்து பெயர் கூப்பிட்டு, வரிசையில் உட்கார வைத்து, உள்ளே டிரில் சத்தம் கேட்டபடி காத்திருந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஐம்பது வயதிலும் மறக்காமல் இருக்கலாம். எதிலிருந்து உங்கள் பயம் தொடங்கியது என்று நினைவிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சத்தமா, ஊசியா, மூச்சு முட்டும் உணர்வா, முன்பு பட்ட வலியா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பயத்தை அளந்து பாருங்கள்

பல் டாக்டர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1969-இல் நார்மன் கோரா உருவாக்கிய கேள்விப் பட்டியலைப் பின்னர் திருத்தி ஐந்து கேள்விகளாக்கினார்கள். அதன் தமிழ் வடிவம் சென்னையில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வெளிவந்திருக்கிறது. ஐந்து தருணங்களில் உங்கள் பதற்றம் எவ்வளவு என்று அது கேட்கிறது:

1. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்ற நிலையில்
2. கிளினிக்கில் உங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது
3. டிரில் போடப்போகும்போது
4. பல் சுத்தம் செய்யப்போகும்போது
5. ஈறில் மரப்பு ஊசி போடப்போகும்போது

ஒவ்வொன்றுக்கும் பதற்றமே இல்லை என்றால் 1, தாங்க முடியாத பதற்றம் என்றால் 5. கூட்டினால் 5 முதல் 25 வரை வரும். 19-உம் அதற்கு மேலும் கடுமையான பயமாகக் கொள்ளப்படுகிறது. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். வாயால் சொல்லத் தயங்குவதைத் தாள் சொல்லிவிடும். எந்தக் கேள்விக்கு அதிகம் போட்டீர்கள் என்பதும் அவருக்கு வழிகாட்டும். ஊசிக்கு மட்டும் 5, மற்றவற்றுக்கு 1 அல்லது 2 என்றால் உங்களுக்குத் தேவை பெரும்பாலும் முழு மயக்கம் இல்லை. ஊசியை நிதானமாகப் போடும் கை.

மருந்துக்கு முன்பே செய்யக் கூடியவை

*முதல் சந்திப்பில் பேச்சு மட்டும்.* அன்றைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று பதியும்போதே சொல்லுங்கள். நாற்காலியில் உட்காராமல், மேசை எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம்.

*கை தூக்கினால் நிறுத்தும் ஒப்பந்தம்.* இடது கையைத் தூக்கினால் டாக்டர் உடனே கருவியை வெளியே எடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் முன் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அவர் நிறுத்தினால் உங்கள் நெஞ்சு பாதி லேசாகிவிடும்.

*காலையில் முதல் ஆளாகப் போவது.* நாள் முழுக்கப் பதறிக்கொண்டிருக்க வேண்டாம், காத்திருப்பும் குறையும்.

*மரப்பு ஊசியை நிதானமாகப் போடச் சொல்வது.* இன்று பெரும்பாலும் பயன்படும் மருந்து லிக்னோகெய்ன். 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டு, 1948-இல் விற்பனைக்கு வந்தது. ஈறைத் துடைத்துக் காயவைத்து, மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி ஓரிரு நிமிடம் விட வேண்டும். பிறகு மருந்தை மெதுவாக ஏற்ற வேண்டும். குத்துவதைவிட வேகமாக ஏற்றுவதுதான் பெரும்பாலும் வலிக்கிறது. கீழ்த்தாடை மரக்கச் சில நிமிடங்கள் ஆகும். மரத்ததா என்று தட்டிப் பார்த்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தால் "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். மரப்பு மருந்தோடு சேர்க்கும் அட்ரினலின் பெரும்பாலும் இதற்குக் காரணம். சில நிமிடத்தில் அடங்கிவிடும். முன்பு அப்படி நடந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்தும் இருக்கிறது.

பயம் ஆண்டுக்கணக்கில் வாழ்க்கையைக் கெடுத்தால் மனநல ஆலோசகரிடம் நடத்தைச் சிகிச்சை எடுக்கலாம். படிப்படியாகப் பயத்தைச் சந்திக்கப் பழக்கும் இந்த முறையின் பலன், எந்த மருந்தையும்விட நீண்ட நாள் நிற்கும்.

செடேஷனின் நான்கு வழிகள்

முதலில் ஒரு தெளிவு. செடேஷன் பயத்தைத் தணிக்கும். வலியை முழுதாக எடுக்காது. முழு மயக்கம் தவிர மற்ற மூன்று வழிகளிலும், வலிக்கக் கூடிய வேலைக்கு மரப்பு ஊசி கட்டாயம் உண்டு. நீங்கள் அமைதியான பிறகு போடுவதால் அதைப் பெரிதாக உணர மாட்டீர்கள்.

*ஒன்று: சிரிப்பு வாயு*

வலியில்லாச் சிகிச்சையின் தொடக்கத்தில் பல் டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைத் தானே இழுத்துத் தன் பல்லைப் பிடுங்கச் செய்தார். அதே வாயுதான் இன்றும் பயன்படுகிறது. பிரசவ வார்டில் "கேஸ்" இழுத்த பெண்களுக்கு இது புதிதில்லை. அங்கே கொடுப்பதும் நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்ததுதான்.

பல் கிளினிக்கில் நடப்பது இது. மூக்கை மட்டும் மூடும் மென்மையான மாஸ்க்கை வைப்பார்கள். முதலில் சுத்தமான ஆக்சிஜன் மட்டும் வரும். பிறகு நைட்ரஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஓரிரு நிமிடத்தில் விரல் நுனியில் குறுகுறுப்பு, கால்களில் இதமான கனம், உடம்பில் வெதுவெதுப்பு. டாக்டரின் குரல் கேட்கும், அது கொஞ்சம் தள்ளியிருந்து வருவதுபோல இருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள். பெரும்பாலானவர்களுக்கு 30 முதல் 50 விழுக்காடு போதும். கருவியே 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஆக்சிஜன் போகும்படி அமைக்கப்பட்டிருக்கும். தலை சுற்றினாலோ குமட்டினாலோ அளவு கூடிவிட்டது என்று பொருள். கையைத் தூக்கினால் குறைப்பார்கள். முடிந்ததும் ஐந்து நிமிடமளவு ஆக்சிஜன் மட்டும் கொடுத்துத் தெளிய வைப்பார்கள்.

மூக்கால் மூச்சு விட்டால்தான் இது வேலை செய்யும். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் நாளை மாற்றுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், அண்மையில் வாயுக் குமிழி வைத்துச் செய்த கண் அறுவைச் சிகிச்சை, நுரையீரலில் காற்றுக் கசிவு, மோசமான நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கு இது கூடாது.

நம்மவர்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று. நைட்ரஸ் உடம்பிலுள்ள பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். ஒரு முறை சிறிது நேரம் இழுப்பது பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை. ஆனால் பல ஆண்டாகச் சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 ஏற்கனவே குறைந்திருக்கக் கூடும். கால் மரமரப்பு, நடையில் தடுமாற்றம் இருந்தால் முதலில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

*இரண்டு: மாத்திரை*

சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு டயஸெபாம் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்கு முதல் நாள் இரவிலும் சில வேளை தருவதுண்டு. பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பது இதன் நன்மை. அளவை உடனுக்குடன் கூட்டிக் குறைக்க முடியாது என்பது குறை. ஒருவருக்குப் போதாத அளவு இன்னொருவரைத் தூங்கவே வைத்துவிடும். டயஸெபாமின் மப்பு மறுநாளும் தொடரலாம்.

பக்கத்து வீட்டு அக்காளின் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போகவே கூடாது. டாக்டருக்குத் தெரியாமல் ஒன்று உள்ளே இருக்க, அவர் இன்னொன்றைக் கொடுத்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு. "போதவில்லை" என்று இரண்டாவது மாத்திரையை நீங்களாகப் போடுவதும் அதே ஆபத்துதான்.

*மூன்று: நரம்பு வழி செடேஷன்*

கடுமையான பயம் உள்ளவர்களுக்கும், கடைவாய்ப் பல் அறுவை போன்ற நீண்ட சிகிச்சைக்கும் இது உதவும். புறங்கையில் சின்னக் குழாய் செருகி, பெரும்பாலும் மிடஸோலாம் என்ற மருந்தைச் சிறு சிறு அளவாக ஏற்றுவார்கள். ஊசியே பயம் என்றால் மரக்கச் செய்யும் கிரீமைப் புறங்கையில் ஒரு மணி நேரம் முன்பே தடவச் சொல்லுங்கள்.

ஒரு மில்லிகிராம் ஏற்றி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். இன்னும் பதற்றம் இருந்தால் இன்னொரு சிறு அளவு. இமை கனத்து, பேச்சு இழுபட்டவுடன் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் தூங்கவில்லை. "வாயைத் திறங்க" என்றால் திறப்பீர்கள். ஆனால் பிறகு யோசித்தால் பெரும்பகுதி நினைவில் இருக்காது. ஒரு மணி நேரச் சிகிச்சை சில நிமிடமாகத் தோன்றும். அதற்கிடையே விரலில் மாட்டிய கிளிப் இரத்தத்தின் ஆக்சிஜனைக் காட்டிக்கொண்டே இருக்கும். இரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். அளவு மீறினால் அதன் வேலையை முறிக்கும் ஃபுளூமாஸெனில் என்ற மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இந்த வழியின் பாதுகாப்பு முழுவதும் மூச்சைக் கவனிக்கும் ஆளிடம் இருக்கிறது. பல்லைப் பார்க்கும் டாக்டர் ஒருவர், உங்கள் மூச்சையும் முகத்தையும் மட்டும் பார்க்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் என்று இரண்டு பேராவது இருக்க வேண்டும். புரொபோஃபால் போன்ற மருந்தால் ஆழமான செடேஷன் கொடுப்பதாக இருந்தால் மயக்க மருந்து நிபுணர் தேவை.

*நான்கு: முழு மயக்கம்*

ஆஸ்பத்திரியின் அறுவை அறையில், மயக்க மருந்து நிபுணரின் பொறுப்பில் நடப்பது. இதில் உங்களுக்கு உணர்வே இருக்காது; மூச்சுக்குழாய்க்கும் பாதுகாப்பு அமைப்பார்கள். பல பற்களைச் சேர்த்து ஒரே தடவையில் பார்க்க வேண்டிய சிறு பிள்ளைகள், ஒத்துழைக்க இயலாத மாற்றுத்திறனாளிகள், பெரிய தாடை அறுவை, வேறு எந்த வழியும் பலிக்காத பயம் ஆகியவற்றுக்கே இது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் முன்பரிசோதனையும் காத்திருப்பும் அதிகம். பயத்தைக் கடக்க இது கற்றுத்தராது. அன்றைய வேலையை முடித்துத்தரும்.

யாருக்கு எது பொருந்தும்

- பல் சுத்தம் அல்லது சிறிய அடைப்பு, மிதமான பயம்: பேச்சு, கை ஒப்பந்தம், நல்ல மரப்பு ஊசி. போதாவிட்டால் சிரிப்பு வாயு.
- வாந்தி வருவதுபோல ஓங்கரிப்பவர்கள்: சிரிப்பு வாயு நன்றாக உதவும்.
- மாஸ்க் வைத்தாலே மூச்சு முட்டுகிறவர்கள்: மாத்திரை அல்லது நரம்பு வழி.
- வேர் சிகிச்சை, பல பற்கள் பிடுங்குவது, அளவுகோலில் 19-உம் அதற்கு மேலும் வரும் பயம்: நரம்பு வழி.
- குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் உள்ளவர்கள்: மாத்திரையும் நரம்பு வழியும் ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் பார்ப்பது நல்லது.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

*சர்க்கரை.* மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் நீரிழிவு இந்தியரிடம்தான் அதிகம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் இன்சுலினையும் மாத்திரையையும் எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே கேளுங்கள். பெயர் "ஃப்ளோஸின்" என்று முடியும் மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம். தைப்பூச விரதக் காலத்தில் செடேஷனுக்கு நாள் குறிக்காதீர்கள். அலகு குத்தியவர்கள் புண் ஆறிய பிறகு வரட்டும்.

*கெத்தும்.* வட மாநிலங்களில் கெத்தும் நீர் குடிக்கும் பழக்கம் இருக்கிறது. மார்ஃபின் வகை மருந்துகள் வேலை செய்யும் அதே இடத்தில்தான் அதுவும் வேலை செய்கிறது. செடேஷனோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். மது, கள், போதைப்பொருள் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். டாக்டர் இதைக் கேட்பது உங்களை எடைபோட இல்லை, மருந்தின் அளவை எடைபோட. பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.

*பம்ளிமாஸ்.* மிடஸோலாம் போன்ற மருந்தை வாயால் கொடுக்கும்போது கிரேப்ஃப்ரூட் பழம் அதன் வேகத்தைக் கூட்டும். தம்புனிலிருந்து வரும் பம்ளிமாஸும் அதே குடும்பம். சிகிச்சைக்கு முந்தைய சில நாட்கள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

*பிற மருந்துகள்.* பூஞ்சைத் தொற்று மாத்திரை, எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், இதயத்துக்கான டில்டியாஸெம், வெராபமில், நாட்டு மருந்து, சீன மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

*கர்ப்பம், தாய்ப்பால்.* சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய், மறுபடி எப்போது கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பினாங்கில் எங்கே கேட்பது

அரசு வழியில் முதலில் உங்கள் வட்டாரப் பல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே முடியாததை நிபுணரிடம் அனுப்புவார்கள். ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு மருத்துவமனையில் வாய், தாடை அறுவைப் பிரிவும் குழந்தைகள் பல் பிரிவும் இருக்கின்றன. கட்டணம் குறைவு, காத்திருப்பு நீளம். வலி அதிகரித்தால் முறைக்காகக் காத்திராமல் கிளினிக்குக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். கெப்பாலா பத்தாஸ் பெர்த்தாமில் யு.எஸ்.எம்-மின் மருத்துவ, பல் மருத்துவ நிலையம் இருக்கிறது. கெடாவிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவத் துறை இருக்கிறது. என்ன வகை செடேஷன் அங்கே கிடைக்கும் என்று முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

கவுண்டரில் மலாயில் பேச வேண்டியிருந்தால் இவை போதும்: "சாயா தாக்கூட் ராவாத்தான் கிகி" என்றால் எனக்குப் பல் சிகிச்சை பயம். "அடா செடாசி?" என்றால் செடேஷன் இருக்கிறதா. முழு மயக்கத்துக்கு "பியுஸ் பெனுஹ்". நிபுணருக்கான கடிதத்துக்கு "சூராட் ருஜுக்கான்".

தனியார் கிளினிக் என்றால் டாக்டரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நடப்பு ஆண்டுக்கான தொழில் சான்றிதழும் அவரிடம் இருக்க வேண்டும். அழகுநிலையத்திலோ வீட்டு அறையிலோ பல் வேலை செய்கிறவர்கள் மயக்க மருந்து தருவதாகச் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டியவை

1. எந்த மருந்து, எந்த வழியில்? இதைவிட லேசான வழி எனக்குப் போதாதா?
2. செடேஷன் கொடுக்க யார் பயிற்சி பெற்றவர்? என் மூச்சை யார் கவனிப்பார்?
3. ஆக்சிஜன், ஆக்சிமீட்டர், செடேஷனை முறிக்கும் மருந்து இருக்கிறதா?
4. அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எப்படி?
5. சிகிச்சைக் கட்டணமும் செடேஷன் கட்டணமும் தனித்தனியா? மயக்க நிபுணரின் கட்டணம் சேர்ந்ததா? எழுதித் தருவீர்களா?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். முகம் சுளித்தால் வேறு டாக்டரைத் தேடுங்கள்.

முதல் நாள், அன்று, மறுநாள்

முழு மயக்கத்துக்குச் சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். பால் கலக்காத தண்ணீர் வகை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் கலந்த தே தாரேக் சாப்பாட்டுக் கணக்கு. மற்ற வழிகளுக்கு டாக்டர் சொல்வதைப் பின்பற்றுங்கள். நகச்சாயத்தை அழித்துவிடுங்கள், விரல் கிளிப் சரியாகக் காட்டும். தளர்ந்த சட்டை போடுங்கள்.

மாத்திரை, நரம்பு வழி, முழு மயக்கம் எதுவானாலும் கூட ஒரு பெரியவர் வந்து, வீடு வரை அழைத்துப் போய், இரவு பக்கத்தில் இருக்க வேண்டும். கிராப் ஓட்டுநர் அந்தத் துணை ஆக மாட்டார். பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் தனியாகத் திரும்பவும் கூடாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தும் போகாதீர்கள், பிடி தளரும். சிரிப்பு வாயு சீக்கிரம் தெளிந்துவிடும் என்றாலும் முதல் முறை துணையோடு போவதே நல்லது.

24 மணி நேரம் வண்டி ஓட்டுவது, இயந்திரத்தில் வேலை செய்வது, அடுப்பில் எண்ணெய் காய்ச்சுவது, கையெழுத்துப் போடுவது எதுவும் வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள் மறுநாளுக்கும் சேர்த்து எம்.சி. கேளுங்கள். மரப்பு தெளியும்வரை சூடாகவோ மென்றோ எதுவும் சாப்பிடாதீர்கள். உதட்டையும் கன்னத்தையும் தெரியாமல் கடித்துக்கொள்வீர்கள்.

எழுப்பினாலும் எழாமல் இருப்பது, உதடு நீலம் பாய்வது, மூச்சு இழுப்பது தெரிந்தால் உடனே 999.

பிள்ளைகளும் பாட்டியும்

"அழுதா டாக்டர் ஊசி போடுவாரு" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் இருபது வருடப் பயத்துக்கு வித்து. "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்ல வேண்டாம். பொய் என்று தெரிந்ததும் நம்பிக்கை போய்விடும். குழந்தைகள் பல் நிபுணர் கருவியைக் காட்டி, விரல் நகத்தில் ஓட்டிக் காட்டி, பிறகே பல்லில் வைப்பார். பெற்றோர் அமைதியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிள்ளைக்குச் செடேஷன் என்றால் அன்றைய எடையைச் சரியாகச் சொல்லுங்கள். அதை வைத்தே மருந்தின் அளவு முடிவாகிறது.

வயதானவர்களுக்கு மிடஸோலாம் குறைந்த அளவிலேயே பலமாக வேலை செய்யும். அன்றிரவு குழப்பம், தடுமாற்றம் வரலாம். கழிப்பறைக்குப் போகும்போது யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெற்றிலை பாக்கு போடும் பாட்டிகளைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை: வாய்க்குள் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் பயத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். வாய்ப் புற்றுநோயை முதலில் கண்டால் காப்பாற்ற முடியும். பார்ப்பதற்கு ஊசியே தேவையில்லை. நல்ல விளக்கும் டாக்டரின் கண்ணும் விரலும் போதும். இதைச் சொன்னாலே பல பாட்டிகள் கிளம்பிவிடுவார்கள்.

தாடைக்கடியில் வீக்கம் பரவி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், காய்ச்சலும் சேர்ந்தால் அது கிளினிக் விஷயம் இல்லை. கிருமி மூச்சுக்குழலை நெருக்கத் தொடங்கியிருக்கலாம். எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஐந்து கேள்விகளுக்கும் எண் போட்டுக் கூட்டுங்கள். எடுக்கும் மருந்துகளின் பெயர்களை அதே தாளில் எழுதுங்கள். ஒரு கிளினிக்குக்குப் போன் செய்து, பேச மட்டும் ஒரு அப்பாய்ண்ட்மெண்ட் கேளுங்கள்.

முதல் சிகிச்சைக்கு நரம்பு வழி செடேஷன் தேவைப்படலாம். அதற்காகத் தயங்க வேண்டாம். அது நல்லபடியாக முடிந்தால் அடுத்ததற்குச் சிரிப்பு வாயு போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கடுத்த முறை மரப்பு ஊசியும் கை ஒப்பந்தமும் மட்டும் வைத்து முயன்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் மருந்து குறைந்து நம்பிக்கை கூடுவதுதான் செடேஷன் சரியாக வேலை செய்ததற்கு அடையாளம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வலியில்லாத நாளிலேயே போய் வாயைக் காட்டிவிட்டு வரும் நிலைக்கு வந்துவிட்டால், இந்த அத்தியாயத்தை உங்களைப் போலவே பயப்படும் இன்னொருவருக்குக் கொடுங்கள்.